நெட்டைத் தெருவில் அடுப்பு எரியாத கோடை

கத்திரி வெயில் பிறந்த அன்றைக்கு விடியற்காலையில் நெட்டைத் தெருவை விட்டுத் தீ போய்விட்டது. யாரும் அணைக்கவில்லை, மழை வந்து நனைக்கவில்லை, சிலிண்டரில் காஸும் தீரவில்லை; காஸ் உஸ்ஸென்று வந்துகொண்டுதான் இருந்தது, லைட்டர் டக் டக்கென்று பொறி காட்டிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் சண்டை போட்ட அண்ணன் தம்பி மாதிரி இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளவில்லை. தீக்குச்சியை உரசினால் மருந்து உதிர்ந்தது. சாமி விளக்கில் திரி எண்ணெயைக் குடித்துவிட்டுச் சும்மா கிடந்தது. மின்சார அடுப்பு வைத்திருந்த வீடுகளில் சிவப்பு விளக்கு ஒழுங்காக எரிந்தது, மேலே வைத்த தண்ணீர்தான் நேரம் ஆக ஆகக் குளிர்ந்துகொண்டே போனது.

அதை முதலில் கண்டவள் செண்பகவடிவு. தெருவில் முதலில் எழுகிறவளும் அவள்தான், முதலில் அடுப்பு மூட்டுகிறவளும் அவள்தான். அம்மா போனபோது தம்பி சங்கரலிங்கம் இடுப்பில் இருந்தான். அன்றைக்கு அடுப்பங்கரைக்குள் நுழைந்தவள், வயது ஐம்பதைத் தாண்டியும் வெளியே வரவில்லை. அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கவேண்டிய வருசங்களில் எல்லாம் தம்பிக்குப் பரீட்சை இருந்தது. பிறகு தம்பிக்குப் பாத்திரக்கடை வந்தது, கடைக்குப் பின்னால் உலகம்மாள் என்று ஒரு பெண்டாட்டி வந்தாள், இசைவாணி என்று ஒரு மகள் வந்தாள், பெங்களூருக்கு வேலைக்குப் போக ஒரு மகனும் வந்தான். எல்லாருக்கும் வடிவு உலை வைத்தாள். பாயும் தலையணையும் அடுப்பங்கரையிலேயே, அரிசி டின்களுக்குப் பக்கத்தில்.

அன்றைக்கும் எழுந்து பால் சட்டியை ஏற்றினாள், பற்றவில்லை. காஸை மூடி மூடித் திறந்து, மறுபடி மறுபடி பற்றவைத்துப் பார்த்தாள். தீப்பெட்டி ஒன்று காலியாயிற்று. 'நான்தான் ஏதோ தப்பாய்ச் செய்கிறேன்' என்று நினைத்தாள். எது நடந்தாலும் முதலில் அப்படித்தான் நினைப்பாள். கொஞ்ச நேரத்தில் தெரு முழுக்க லைட்டர் சத்தம் கேட்க ஆரம்பித்தது. அதன் பிறகுதான் தப்பு தன்னுடையது இல்லை என்று நம்பினாள், நம்பியதும் என்ன செய்வது என்று தெரியாமல் அடுப்பின் முன்னாலேயே உட்கார்ந்துவிட்டாள்.

தெருமுனையில் ஒரு டிரான்ஸ்பார்மர் உண்டு. அதைத் தாண்டிவிட்டால் தீக்குச்சி பற்றியது, பீடி புகைந்தது, டீக்கடையில் பால் பொங்கியது. ஆகவே அது உலகத்தின் கோளாறு இல்லை, தெருவின் கோளாறு என்று ஆம்பிளைகள் முடிவுகட்டிவிட்டு, பீடி குடிக்க டிரான்ஸ்பார்மருக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார்கள். சங்கரலிங்கம் அடுத்த தெரு ஓட்டலில் இட்லி பார்சல் வாங்கிக்கொண்டு வந்தான். டிரான்ஸ்பார்மரைத் தாண்டியதும் பொட்டலம் கையில் நெளிந்தது. வீட்டில் வந்து பிரித்தால் உள்ளே மாவு, அதுவும் நன்றாகப் புளித்த மாவு. இன்னொருவர் மகள் வீட்டிலிருந்து தூக்குச்சட்டி நிறையக் கொண்டுவந்த சோறு வாசற்படி ஏறும்போது கழுவிய அரிசியாகிவிட்டது. அவலும் பொரிகடலையும் வெல்லமும் கருப்பட்டியும் ஒருகாலத்தில் தீயைப் பார்த்த பண்டங்கள்தான், ஆனால் அவை மட்டும் மாறாமல் இருந்தன. இந்தச் சட்டத்தை யார் போட்டது, எதற்கு விலக்கு, எதற்கு இல்லை என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. விளங்கவில்லை என்பதற்காகப் பசி காத்திருக்குமா என்ன?

வெயிலோ மண்டையைப் பிளந்தது. அந்த வெயிலில் அடுப்படியில் நிற்கவேண்டாம் என்றானதும், தெருவின் பொம்பிளைகள் முதல் நாள் பதறினார்கள், இரண்டாம் நாள் யோசித்தார்கள், அதற்குப் பிறகு, உள்ளதைச் சொன்னால், சந்தோசப்பட்டார்கள். அவலைக் களைந்து தயிரில் ஊறப்போட்டு, கடுகு தாளிக்க வழியில்லாததால் இஞ்சியையும் பச்சைமிளகாயையும் நசுக்கிப் போட்டுத் தின்றார்கள்; அதே அவலைப் புளித்தண்ணீரில் ஊறவைத்து, கருப்பட்டித் துருவலும் உப்பும் தூவித் தின்றார்கள்; ராத்திரி ஊறவைத்த பாசிப்பருப்பில் வெள்ளரிப்பிஞ்சையும் மாங்காயையும் கொத்திப்போட்டு எலுமிச்சை பிழிந்தார்கள்; புளியைக் கரைத்து, சின்ன வெங்காயத்தைக் கையால் பிசைந்து, மிளகாயைக் கிள்ளிப்போட்டு, கொதிக்காத ரசம் ஒன்று செய்து டம்ளரில் குடித்தார்கள்; பச்சரிசியை ஊறவைத்து இடித்து வெல்லம் சேர்த்துப் பிடித்தார்கள்; நுங்கைத் தோண்டி மோரில் போட்டார்கள்; முளைகட்டின பயறைத் தேங்காயோடு சேர்த்துத் தின்றுவிட்டு, இத்தனை வருசம் எதற்கு இதை வேகவைத்தோம் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். ஒரு வீட்டுக் கிண்ணம் இன்னொரு வீட்டுக்குப் போயிற்று. காலை பத்து மணிக்கே வேலை முடிந்த பொம்பிளைகள், மிச்சப் பகலை என்ன செய்வது என்று தெரியாமல், வாசலில் வந்து நின்று தெருவைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

சங்கரலிங்கம் வீட்டிலும் இதேதான். ஆனால் அங்கே ஒன்று நடந்தது, அது யாருக்கும் தெரியாமலே நடந்தது. அவல் ஊறப்போட அடுப்பங்கரைக்குப் போகவேண்டியதில்லையே. உலகம்மாள் கூடத்திலேயே, டிவிக்கு முன்னால், ஒரு பாத்திரத்தில் ஊறப்போட்டாள். இசைவாணி வெள்ளரிக்காயை அரிந்தாள். "இதுக்குப் போயி எதுக்கு வடிவு மைனிய எழுப்பிக்கிட்டு" என்று உலகம்மாள் முதல் நாள் சொன்னாள். அது நல்ல மனசோடு சொன்ன சொல்தான். மறுநாள் அந்தச் சொல்லும் தேவைப்படவில்லை. ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் மிச்சம் இருக்கும். வடிவு வந்து எடுத்துக்கொள்வாள் என்று எல்லாரும் நினைத்தார்கள், பூனை வந்து தின்றுவிட்டுப் போயிற்று. வடிவு அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பானைத் தண்ணீரைக் குடித்தாள், டின்னில் கிடந்த பொரிகடலையை மென்றாள். கூப்பிட்டால் போகலாம் என்று இருந்தாள். கூப்பிடாத இடத்தில் போய் எங்கே உட்காருவது என்று அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை, ஏனென்றால் கூடத்தில் அவள் எப்போதும் பரிமாறியிருக்கிறாளே தவிர உட்கார்ந்ததில்லை.

இப்படியே போயிருந்தால் தெரு கத்திரி முடியும்வரை அவலைத் தின்றுகொண்டு நிம்மதியாக இருந்திருக்கும். ஆனால் வருகிற வெள்ளிக்கிழமை இசைவாணியைப் பெண் பார்க்க வருகிறார்கள். அம்பாசமுத்திரத்தில் இருந்து, வேன் பிடித்து, மாப்பிள்ளையின் சித்தி சித்தப்பன் சகிதமாய். பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் கேசரியும் பஜ்ஜியும் காபியும் கொடுக்காமல், ஊறின அவலைக் கொடுத்தால் விளங்குமா?

"பொண்ணு கையால ஒரு காபி குடிச்சாத்தான அவுக பேச்சையே ஆரம்பிப்பாவ. மோரக் கொடுத்தா இது என்ன தண்ணிப்பந்தலான்னு கேக்க மாட்டாவளா?" என்று உலகம்மாள் கண்ணைத் துடைத்தாள்.

சங்கரலிங்கம் ஆவுடையப்பனிடம் போனான். ஆவுடையப்பன் அண்ணாச்சி பிள்ளையார் கோயில் கமிட்டிக்குத் தலைவர். எதைக் கேட்டாலும் உடனே பதில் சொல்லிவிடுவார், சரியா தப்பா என்பது பிறகு. அவர் பஞ்சாயத்தைச் சங்கரலிங்கம் வீட்டு வாசலில் போட்டிருந்த ஓலைப்பந்தலுக்கே கூட்டிவிட்டார், அங்கேதான் நிழல் இருந்தது.

"எந்த வீட்டுல அடுப்பு எரியாது? சொல்லுங்க பாப்போம்" என்று ஆரம்பித்தார்.

எல்லாரும் யோசித்தார்கள். "துட்டி விழுந்த வீட்டுல" என்றாள் பக்கத்து வீட்டுக் கோமு.

"அதத்தான் சொல்லுதேன். சாவு விழுந்தா, எடுத்து முடிக்கிற வரைக்கும் அந்த வீட்டுல அடுப்பு மூட்டுறதில்ல. நாம மூட்டாம இருப்போம். இப்ப தீயே மூட்டாம இருக்கு. அப்படின்னா என்ன அர்த்தம்? நமக்குத் தெரியாம இந்தத் தெருவுல ஒரு சாவு கிடக்கு. நாம கவனிக்கல, தீ கவனிச்சிட்டு."

இது ஏன் நமக்கு முன்னாலேயே தோன்றவில்லை என்றுதான் பலருக்கும் தோன்றியது. உடனே வீட்டுக்கு வீடு ஆள் பார்க்கப் போனார்கள். படுத்திருந்த பெரியவர்களை உலுக்கி எழுப்பினார்கள். அவர்கள் வைதார்கள், அதனால் உயிரோடு இருப்பது உறுதியாயிற்று. துபாயிலும் திருப்பூரிலும் இருந்தவர்களுக்குப் போன் போட்டார்கள். தொட்டிலில் கிடந்த பிள்ளையின் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தார்கள். எல்லாரும் இருந்தார்கள். ஆவுடையப்பன் குழம்பிப்போய்த் துண்டால் விசிறிக்கொண்டார்.

"ஒங்க வீட்டுல சங்கரா?"

"நான், உலகு, வாணி. பய பெங்களூர்ல இருக்கான், இப்பத்தான் பேசினேன். அவ்வளவுதான் அண்ணாச்சி."

"வடிவக்கா?" என்றாள் கோமு.

சங்கரலிங்கம் வாயைத் திறந்தான். உலகம்மாளைப் பார்த்தான். உலகம்மாள் மகளைப் பார்த்தாள். கடைசியாக வடிவை எப்போது பார்த்தோம் என்று அந்த வீடு யோசித்தது, பிறகு தெருவே யோசித்தது. "மாசியில வத்தக்குழம்பு மணந்துச்சே" என்றார் ஒருவர். "பங்குனியில சுக்கு தட்டுற சத்தம் கேட்டேன்" என்றாள் ஒருத்தி. "போன வாரம் வரைக்கும் காலையில தாளிச்ச வாடை வந்துதே" என்றாள் இன்னொருத்தி. வாடை நினைவிருந்தது, சத்தம் நினைவிருந்தது, ருசி நினைவிருந்தது. முகத்தைப் பார்த்ததாக ஒருவராலும் சொல்லமுடியவில்லை.

"அத்தைய..." என்று இசைவாணி தொடங்கி, முடிக்காமல் அழ ஆரம்பித்தாள்.

இதையெல்லாம் அடுப்பங்கரையில் இருந்து வடிவு கேட்டுக்கொண்டிருந்தாள். யாருக்காக அழுகிறார்கள் என்று முதலில் புரியவில்லை. புரிந்ததும் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து, கூடத்தைத் தாண்டி, வாசலைத் தாண்டி, பந்தலுக்குள் வந்து நின்றாள். வெளி வெளிச்சத்தில் கண் கூசியது.

"நான் இங்கனதான இருக்கேன்" என்றாள்.

யாரும் அலறவில்லை, யாரும் ஓடவில்லை. எல்லாரும் அவளைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். 'இதுதான் வடிவா, இவ்வளவு நரைத்திருக்கிறாளா, இவ்வளவு உயரமா' என்பதுபோலப் பார்த்தார்கள். ஆவுடையப்பன்தான் முதலில் பேசினார், அதுவும் மிகவும் இதமாக.

"பாத்தியளா, பாவம். தெரியல அதுக்கு. செத்தவங்களுக்குச் செத்தது ஒடனே தெரியாது தாயி. பழக்கத்துல நடமாடிக்கிட்டு இருப்பாவ."

"அண்ணாச்சி, நான் மூச்சு விடுதேன்."

"விடு தாயி, விடு. யாரு வேண்டாங்கா."

"தண்ணி குடிச்சேன் காலையில. பொரிகடலை தின்னேன்."

"அதான் படையல்ல வைக்கிறத எல்லாம் அவுக வந்து தின்னுட்டுத்தான போறாவ" என்று யாரோ பின்னாலிருந்து எடுத்துக்கொடுத்தார்கள். பந்தலுக்கு வெளியே நிறுத்தி நிழல் விழுகிறதா என்று பார்க்கச் சொன்னார் ஒருவர். உச்சி நேரம், எல்லார் நிழலும் காலடிக்குள்ளேயே சுருண்டு கிடந்ததால் அதிலும் ஒன்றும் தெளியவில்லை.

வடிவுக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை, குழப்பம்தான் வந்தது. இத்தனை பேர் சொல்கிறார்கள், ஆவுடையப்பன் அண்ணாச்சி வேறு சொல்கிறார், ஒருவேளை அப்படித்தானோ? பங்குனியில் ஒரு காய்ச்சல் வந்தது. இரண்டு ராத்திரி உடம்பு அனலாய்க் காய்ந்து, அரிசி டின்னைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். யாரும் வந்து பார்க்கவில்லை, ஏனென்றால் காலையில் எப்படியோ எழுந்து இட்லி ஊற்றிவிட்டாள். அந்த ராத்திரிகளில் ஒன்றில் செத்துப்போய், பிறகு பழக்கத்தில் எழுந்துவிட்டாளோ? அப்படியென்றால் அதற்குப் பிறகு வைத்த சாம்பாரெல்லாம் யார் வைத்தது? நினைக்க நினைக்கத் தலை சுற்றியது. அவளுக்கு ஒன்றே ஒன்று வேண்டியிருந்தது. அந்த வீட்டிலிருந்து யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், 'இல்லை, இவள் இருக்கிறாள்' என்று சொன்னால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு இருந்துவிடுவாள்.

"சங்கரா, நீ சொல்லு. ஒன்ன இந்த இடுப்புல வச்சுத் தூக்கியிருக்கேன். நான் இருக்கேனா, இல்லையா?"

சங்கரலிங்கம் கெட்டவன் இல்லை. அக்காவின் கையைப் பார்த்தான், கரண்டிச் சூடு பட்ட தழும்புகளைப் பார்த்தான். அப்புறம் பந்தலுக்கு வெளியே, வெள்ளிக்கிழமை வேன் வந்து நிற்கப்போகிற இடத்தைப் பார்த்தான்.

"எனக்கு ஒண்ணும் ஓடலக்கா" என்றான். "வெள்ளிக்கிழமை அவுக வாராவ. அண்ணாச்சி சொல்லுதபடி கேட்டுக்கிடுவோமே."

இத்தனை வருசத்தில் வடிவுக்கு எவ்வளவோ சங்கடம் வந்ததுண்டு, இந்த மாதிரி வந்ததில்லை. அழுகை வந்தது. செத்தவள் அழுவாளா என்று அதிலும் ஒரு சந்தேகம் வந்து, பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

ஆவுடையப்பன் வேலையைத் தொடங்கிவிட்டார். உடம்பு தானாகவே நடந்துகொண்டிருப்பதால் தூக்கவேண்டாம், எரிக்கவேண்டாம், அது பாட்டுக்கு இருக்கட்டும். படையல் மட்டும் ஒழுங்காகப் போட்டால் சூடம் பற்றும், அதைக் காட்டி மரியாதையாக அனுப்பிவைத்துவிட்டால் தெருவின் தீட்டு கழிந்துவிடும் என்றார். வியாழக்கிழமை சாயங்காலம் என்று முடிவாயிற்று. செத்தவர்களுக்குப் பிடித்ததைத்தானே படைப்பார்கள்? "வடிவுக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டார்.

தெரு மறுபடியும் யோசனையில் விழுந்தது.

"அக்கா எதையும் வேண்டாம்னு சொன்னதில்ல" என்றான் தம்பி.

"அடியில பிடிச்சதத்தான் சொரண்டித் திம்பாவ" என்றாள் உலகம்மாள். "அதான் பிடிக்கும்போல."

கோமுவுக்குத்தான் பொறுக்கவில்லை. "அவுகதான இங்கன நிக்காவ. அவுகளையே கேட்டா என்ன? வடிவக்கா, ஒங்களுக்கு என்ன பிடிக்கும்?"

இந்தக் கேள்வியை அதுவரை யாரும் அவளிடம் கேட்டதில்லை. அப்பாவுக்குப் புளிப்பு பிடிக்கும், தம்பிக்கு அவியலில் மாங்காய் பிடிக்கும், உலகுக்கு உறைப்பு ஆகாது, வாணிக்கு வெங்காயம் தென்படக் கூடாது, பயலுக்கு முறுகல் தோசை. எல்லாம் விரல்நுனியில் இருந்தது. தனக்கு? வடிவு உள்ளே தேடித் தேடிப் பார்த்தாள். இருட்டு அறையில் கை துழாவுவது மாதிரி இருந்தது.

"தெரியலையே கோமு" என்றாள், வெட்கத்தோடு.

அதனால் தெருவே ஒரு காரியம் செய்தது. வியாழக்கிழமை சாயங்காலம் ஒவ்வொரு வீடும் தான் செய்துகொண்டிருந்த பச்சைச் சாப்பாட்டில் ஒன்றைக் கொண்டுவருவது, இலையில் வைப்பது, எது பிடிக்கிறதோ அதை வடிவு தின்றுகொள்வது. பந்தலின் நடுவில் பெரிய தலைவாழை இலை போட்டு, அதன் முன்னால் அவளையே உட்காரவைத்தார்கள். உட்காரத் தெரியாமல் ஒருக்களித்து உட்கார்ந்தாள். யாருக்காவது தண்ணீர் வைக்கவில்லையோ என்று கண் அலைந்தது. பொம்பிளைகள் வரிசையாக வந்தார்கள். தயிர் அவல் வந்தது, புளி அவல் வந்தது, பாசிப்பருப்பும் வெள்ளரியும் வந்தது, மோரில் மிதக்கும் நுங்கு வந்தது, இடித்த மாவு உருண்டை வந்தது, எள்ளும் கருப்பட்டியும் வந்தது, தேங்காயும் புளியும் வரமிளகாயும் வைத்து அம்மியில் அரைத்த வதக்காத துவையல் வந்தது, வாழைப்பழத்தைத் தேனில் பிசைந்தது வந்தது.

"தின்னு தாயி" என்றார் ஆவுடையப்பன்.

தயிர் அவலை ஒரு வாய் வைத்தாள். நன்றாக இருந்தது. நன்றாக இருப்பதும் பிடிப்பதும் ஒன்றா என்று தெரியவில்லை. புளி அவலைத் தின்றாள், துவையலைத் தொட்டு நாக்கில் வைத்தாள், நுங்கைக் குடித்தாள். யாரோ ஒரு டம்ளர் கொதிக்காத ரசத்தை நீட்டினார்கள். வாங்கி ஒரு மடக்குக் குடித்தவள், முகத்தைச் சுளித்தாள்.

"இது வேண்டாம்" என்றாள்.

சொல்லிவிட்டு அவளே திகைத்தாள். அந்தச் சொல் தன் வாயிலிருந்துதான் வந்ததா என்று சுற்றிலும் பார்த்தாள். சங்கரலிங்கம் அக்காவை நிமிர்ந்து பார்த்தான். டம்ளரைக் கொடுத்தவள் கோபித்துக்கொள்ளவில்லை, "சரிக்கா" என்று திரும்ப வாங்கிக்கொண்டாள். அவ்வளவுதான், ஒன்றும் நடக்கவில்லை, வானம் இடியவில்லை. வடிவுக்குக் கை கால் எல்லாம் லேசானது. எள்ளை ஒதுக்கினாள். மாவு உருண்டையை, "வெல்லம் தூக்கல்" என்று சொல்லி ஒதுக்கினாள். இப்போது வேகமாகத் தின்றாள், சப்புக்கொட்டித் தின்றாள், வேண்டாததை விரலால் தள்ளினாள். கடைசியாகக் கோமு ஒரு சட்டியோடு வந்து, தேங்காய்ப்பாலில் ஊறிய சிவப்பரிசி அவலை அள்ளி வைத்து, அதன்மேல் பலாச்சுளைகளை முழுசு முழுசாக வைத்தாள்.

வடிவு ஒரு வாய் தின்றாள். கண்ணை மூடினாள்.

"இது" என்றாள். "எனக்கு இது பிடிக்கு."

சின்னப் பிள்ளை மாதிரி அதைச் சொன்னாள். அப்போது அவளுக்கு உண்டான சந்தோசத்தை என்னவென்று சொல்ல? இருக்கிறோமா இல்லையா என்ற கவலைகூட ஒரு நிமிசம் மறந்துபோயிற்று. பொம்பிளைகள் பலருக்குக் கண் நிறைந்தது. ஏன் என்று அவர்களுக்கே தெரியவில்லை. தங்களுக்கு என்ன பிடிக்கும் என்று இரண்டொருத்தி வாய்க்குள் முனகிப் பார்த்துக்கொண்டதும் உண்டு.

ஆவுடையப்பன் தட்டில் சூடத்தை வைத்தார். தீக்குச்சியை எடுத்தார். உரசினார்.

பற்றியது.

சூடம் நிமிர்ந்து எரிந்தது. அப்புறம் "எரியுது, எரியுது" என்று தெரு பூராவும் கூச்சல். ஆளாளுக்கு வீட்டுக்குள் ஓடினார்கள், லைட்டர்கள் டக் டக்கென்றன, நீல நீலமாய் அடுப்புகள் பூத்தன, எங்கேயோ கடுகு வெடித்தது. சாவுத் தீட்டு கழிந்துதான் தீ வந்ததா, அல்லது அன்று மத்தியானம் மேற்கே மலைப்பக்கம் நாலு துளி மழை விழுந்ததாகச் சொன்னார்களே, அதனால் வந்ததா, யாருக்குத் தெரியும்? கேட்டால் இன்றைக்கும் ஆளுக்கொரு கதை சொல்வார்கள்.

வடிவு இலையின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். தீ வந்துவிட்டது. அப்படியானால் தான் செத்தது உண்மையாகிவிட்டது என்று நினைத்தாள். நினைத்துப் பார்த்தால், ஒன்றும் வலிக்கவில்லை. வாயில் தேங்காய்ப்பால் இனித்தது.

அப்போது அடுப்பங்கரையிலிருந்து உலகம்மாளின் குரல் வந்தது.

"வடிவு மைனி! அடுப்பு பிடிச்சிட்டு! வந்து உலைய வைங்க. நாளைக்குக் கேசரிக்கு ரவையச் சலிக்கணும், பஜ்ஜிக்கு வாழைக்காய் சீவணும், எம்புட்டு வேலை கிடக்கு!"

வடிவின் கால் தானாக எழுந்தது. இடுப்பும் எழுந்தது. பாதி எழுந்தவள் அப்படியே நின்றாள். பந்தலில் மிச்சமிருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். பிறகு மெதுவாக, இந்தத் தடவை சம்மணம் போட்டு நன்றாகவே, உட்கார்ந்தாள்.

"செத்தவ எப்படி உலை வைப்பா, உலகு?"

கேலியாக அவள் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். உலகம்மாள் கரண்டியும் கையுமாக வாசலுக்கு வந்து நின்று, புருசனைப் பார்த்து, "சொல்லுங்களேன் அவுகளுக்கு" என்றாள்.

சங்கரலிங்கம் அக்காவின் முன்னால் வந்து குத்தவைத்தான். "அக்கா, நீ இருக்கக்கா. நான் சொல்லுதேன்லா. நீ எங்கயும் போகல. நீ உசுரோடதான்..."

"எலேய், வாய மூடு!" என்று பாய்ந்தார் ஆவுடையப்பன். "அவ உசுரோட இருந்தா போட்ட படையல் என்ன ஆகும்? இப்பத்தான் தீ வந்திருக்கு. அணைஞ்சா ஒன் அப்பனா வந்து பத்தவைப்பான்?"

"ஆமா அண்ணே, பேசாம இருங்க! இங்க பால் அடுப்புல இருக்கு" என்று எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து ஒரு குரல் வந்தது. "நாளைக்கு மாப்பிள்ள வீடு வரும்போது அணைஞ்சா என்ன செய்விய?" என்றது இன்னொரு குரல். கோமு சட்டியில் இருந்த மிச்ச அவலையும் வடிவின் இலையில் கவிழ்த்தாள்.

நேற்றுவரை அந்தச் சொல்லுக்காகத்தான் வடிவு ஏங்கிக்கிடந்தாள். இன்று தம்பி அதைச் சொல்லிவிட்டான், அதுவும் உலை வைக்கவேண்டிய நேரம் பார்த்து. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது, எது எதற்கு என்று பிரிக்கமுடியவில்லை. பிரிக்கவேண்டிய அவசரமும் இல்லை.

சங்கரலிங்கம் எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பிறந்து வளர்ந்த வீட்டின் அடுப்பங்கரைக்குள் முதல் தடவையாக வேலை செய்யப் போனான். டின் மூடிகளைத் திறக்கிற சத்தம் கேட்டது. ஒன்று, இன்னொன்று, இன்னொன்று. ஏதோ கீழே விழுந்து உருண்டது. உலகம்மாள் உள்ளே ஓடினாள்; இரண்டு பேரும் மாறி மாறி ஏதோ சொல்லிக்கொண்டார்கள்.

பிறகு அவன் குரல் வந்தது. பசியெடுத்த பிள்ளையின் குரல் அது, அந்தக் குரலை வடிவுக்கு நன்றாகத் தெரியும், அது கேட்டதும் நாற்பது வருசமாக ஓடிப்போய் நின்றிருக்கிறாள்.

"அக்கா, அரிசி எதுல இருக்கு?"

பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. தெரு பார்த்துக்கொண்டிருந்தது. வடிவு ஒரு பலாச்சுளையை எடுத்து வாயில் போட்டு, அவசரமில்லாமல் மென்று, கொட்டையை இலை ஓரத்தில் துப்பினாள்.